நிற்கக் கூடாத உப்பு வண்டி

ராஜா குலபூஷணருக்கு மூன்று நாளாக உப்பில்லாத சாப்பாடு. நாலாம் நாள் ரசத்தைத் தள்ளிவிட்டு, அவையின் சாமர்த்தியசாலி பஞ்சநதத்தைக் கூப்பிட்டார்.

"கடற்கரையில் உப்பு மலையாகக் கிடக்கிறது. ஊருக்குள் ஏன் வரவில்லை?"

பஞ்சநதத்துக்குக் காரணம் தெரியும். கடலிலிருந்து தலைநகருக்கு வந்து, வளைந்து கடலுக்கே திரும்பும் ஒற்றைத் தண்டவாளம். மாடு இழுக்கும் சரக்குப் பெட்டிகள் அதில் ஓடும். அதைப் போட்டவர் ஆவுடையப்பர். 'இனி யார் வண்டியும் அதில் ஓடலாம்' என்று ராஜா போன மாதம் சாசனம் எழுதினார். ஆவுடையப்பர் பணிவாகக் குனிந்து, அடியில் இரண்டு வரி சேர்த்தார்: 'அயலார் வண்டி எங்கும் நிற்கக் கூடாது. நிற்காத வண்டியிலிருந்து சரக்கு இறக்கக் கூடாது.' ராஜா படிக்காமலே முத்திரை குத்திவிட்டார்!

பாவம், உப்பு வியாபாரி பவளாயி. மூன்று நாளாக மூட்டைகளோடு சுற்றிச் சுற்றி வருகிறாள். அவள் மாடுகள் நடந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டன.

"சாசனத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. மாறினால் என் மானம் போகும்" என்றார் ராஜா. "ஆனால் நாளைக்குள் உப்பு வர வேண்டும். வராவிட்டால் உன்னை ஊறுகாய் போட்டுவிடுவேன்!"

"உப்பில்லாமலா, மகாராஜா?"

"வெளியே போ!"

பஞ்சநதம் நேரே ஓடி, பவளாயியின் வண்டியோடு கூடவே நடந்தார்.

"அம்மா, நிற்காதே. மெதுவாகப் போ."

"எவ்வளவு மெதுவா, சாமி?"

"நாழிகைக்கு ஒரு விரற்கடை."

"அது நிக்கிறதுதானே?"

"சக்கரம் உருளுதில்லையா? போ!"

மறுநாள் காலை, பவளாயிக்குப் பின்னால் ஆவுடையப்பரின் நாற்பது பெட்டி மீன். வெயில் ஏற ஏற நாற்றம் அரண்மனைக்கே போனது. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"சீக்கிரம் போகச் சொல்லுங்கள்!" என்று அலறினார் ஆவுடையப்பர்.

பஞ்சநதம் சாசனத்தை விரித்தார். "வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே."

"அப்படியென்றால் ஒதுங்கி நிற்கட்டும்!"

"ஐயையோ, நிற்பதா! சாசன விரோதம்."

மதியம் மீன் பெட்டி ஒன்று வெடித்தது. ஆவுடையப்பர் பவளாயியின் காலில் விழுந்தார். "தாயே! நில்லு தாயே! மூட்டையை நானே இறக்குகிறேன்!"

பஞ்சநதம் துள்ளினார். "மகாராஜா, கேட்டீர்களா? அயலார் வண்டிதானே நிற்கக் கூடாது? பெற்ற தாய் எப்படி அயலாள் ஆவாள்?"

ராஜா மூக்கை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பஞ்சநதத்துக்குப் போட்டார். "சாசனம் அப்படியே இருக்கட்டும். இனி வரும் வண்டிக்காரர் எல்லாரையும் ஆவுடையப்பர் முறை சொல்லியே கூப்பிட வேண்டும்!"

அன்று பொழுது சாய்வதற்குள் ஆவுடையப்பருக்குப் பதினேழு மாமன், இருபத்திரண்டு மச்சான்.