ஆறடிக் குளம்

கடம்பூர் மலைச்சரிவில் ஒரு தொடக்கப்பள்ளியில் சத்துணவு சமைக்கும் மாதம்மாள், 2019ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், பருப்பு வேகும் நேரத்தில் சொன்ன கதை இது. அவர் சொன்ன வரிசையிலேயே இங்கே தரப்படுகிறது.

காட்டோரக் குளம் ஒன்றில் ஒரு தவளை இருந்தது. அந்தக் கோடையில் அதன் முட்டைகள் பொரிந்து, கரையோரமெல்லாம் தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று நீந்தின. அவற்றுக்குக் கால் முளைத்து, வால் சுருங்கி, அவை கரையேற இன்னும் முப்பது நாள் வேண்டும். அதுவரை குளத்தில் தண்ணீர் நிற்குமா? தவளைக்கு வேறு கவலையே இல்லை.

அந்தக் குளத்துக்கு ஒரு வாத்தியார் உண்டு. அது ஒரு மைனா. காட்டை அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. எங்கோ தொலைவில் யாரோ நடத்தும் கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் இணையத்தின் வழியாக அதில் வரும். மைனா சன்னலில் உட்கார்ந்து கேட்கும். கேட்டதை ஓர் எழுத்தும் பிசகாமல் குளக்கரையில் வந்து ஒப்பிக்கும். நிழல் நீள்வது ஏன், காந்தம் எதை இழுக்கும், முக்கோணத்துக்கு எத்தனை மூலை என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம்.

ஒருநாள் மைனா நாவல் மரக் கிளையில் அமர்ந்து, திரையின் குரலிலேயே சொன்னது: "ஒரு குளத்தின் ஆழம் ஆறடி. வெயிலில் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் குறைகிறது. ஆழத்தை ஒருநாள் குறைவால் வகுத்தால், குளம் வற்ற எத்தனை நாள் என்று தெரியும். விடை, எழுபத்திரண்டு நாள்."

கரையில் நண்டு, பன்றி என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. "எழுபத்திரண்டு நாளா? அப்ப மழைக்காலமே வந்துருமே" என்று காட்டுப்பன்றி சேற்றில் புரண்டு படுத்தது.

தவளை மட்டும் கேட்டது: "ஏனுங்க வாத்தியாரே, அது யாரு குளமுங்க?"

"யாரு குளமா இருந்தா என்ன? குளம்னா குளம்தான்."

"அங்குலம்னா எவ்வளவுங்க?"

மைனா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "அங்குலம்னா ஓர் அங்குலம். இதுகூடத் தெரியாமத்தான் கேள்வி கேக்க வந்தியா?"

கரையெல்லாம் சிரித்தது. தவளை திரும்பியது. ஒரு நாணல் குச்சியைக் கவ்விக்கொண்டு குளத்தின் நடுவுக்கு நீந்தியது. குச்சியைத் தரைதட்டும்வரை ஊன்றி எடுத்தது. நனைந்த நீளத்தைத் தன் முன்னங்காலால் அளந்தது. நாற்பத்திரண்டு கால் அகலம். மூன்று நாள் கழித்து மறுபடி அளந்தபோது முப்பத்தாறு. நாளுக்கு இரண்டு குறைகிறது. முப்பத்தாறு கூழாங்கற்களை அடுக்கி, இரண்டிரண்டாக விலக்கி வைத்தது. பதினெட்டுக் குவியல் வந்தது.

மூன்று முறை அடுக்கிப் பார்த்தது. மூன்று முறையும் பதினெட்டுதான்.

"இன்னும் பதினெட்டு நாள்ல குளம் வத்திரும். என் பிள்ளைகளுக்கு முப்பது நாள் வேணும். அதோ அந்தப் பாறைக்கடியில சுனை இருக்குது. தாழ்ந்த இடம், வெயில் படாது, எந்தக் கோடையிலயும் வத்தாது. கரைத் தண்ணி இறங்கறதுக்குள்ள அந்தச் சுனை வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டணும். யார் வர்றீங்க?"

"திரையில வந்ததைவிட நீ பெரிய ஆளாக்கும்" என்றது மைனா. "எனக்குப் பாடம் சொன்னது பட்டணத்துக் குரல். உனக்குச் சொன்னது குச்சி."

"வகுக்கற வழிய நீங்கதான் சொன்னீங்க, வாத்தியாரே. அந்த வழியிலதான் வகுத்தேன். அது நல்ல வழி. ஆனா உங்க விடை நம்ம குளத்தோடது இல்லை. அந்தப் பாடத்த நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"பாடம் கேக்கணும்னா சன்னல் வேணும். சன்னலுக்கு ஏற இறக்கை வேணும்."

"காது இருந்தாப் போதும்" என்றது தவளை.

மறுநாள் விடியலிலேயே புறப்பட்டது. வழியெல்லாம் வெயில் ஏறியது. தோல் காய்ந்து இழுத்தது. எருமைக் குளம்படிகளில் தேங்கிய கலங்கலில் மூன்று இடத்தில் முங்கி எழுந்துதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் கைகழுவும் குழாயடியில், சன்னலுக்கு நேர் கீழே, ஈரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தது.

மேலே சன்னலில் மைனா வழக்கம்போல் அமர்ந்திருந்தது. உள்ளே முந்தைய பாடத்தையே மறுபடி போட்டார்கள். அதே குளம், அதே ஆறடி, அதே எழுபத்திரண்டு. அந்த நேரத்தில் சமையல் கூடத்தில் தட்டுகள் கலகலத்தன. மைனா சட்டென்று பறந்து போனது. சிந்தும் சோற்றுக்கு முதல் ஆளாக நிற்க வேண்டும் அல்லவா?

தவளை போகவில்லை. திரையின் குரல் முடியவில்லை. அது தொடர்ந்து சொன்னது: "ஆறடி என்பது ஏறக்குறைய உங்கள் வகுப்பறைக் கதவின் உயரம். இது நாங்கள் கற்பனையாகச் சொன்ன குளம். உங்கள் ஊர்க் குளம் வேறு. ஒரு குச்சியை எடுங்கள். அளந்து பாருங்கள். உங்கள் விடையை எங்களுக்கு எழுதுங்கள்."

தவளை கதவை அண்ணாந்து பார்த்தது. அடியிலிருந்து உச்சிவரை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

குளக்கரைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது, மைனா சிறகைச் சிலுப்பியது. "பொய். அப்படி ஒரு வரி பாடத்துல கிடையவே கிடையாது. தினம் கேக்கறவன் நான்."

"பாதி கேட்டு எந்திரிச்சுப் போறவருக்கு மீதி எப்படிங்க தெரியும்?"

"வாத்தியாரையா எதுத்துப் பேசறே?"

"எதுத்துத்தான் பேசறேன். காஞ்சு சாகப்போறது உங்க பிள்ளைக இல்லை."

பன்றி எழுந்து உட்கார்ந்தது. "ரெண்டு பேரும் அடிச்சுச் சொன்னா நான் யாரை நம்பறது, தவளையம்மா?"

"என்னையும் நம்ப வேண்டாம், மாமா. அவரையும் நம்ப வேண்டாம். குளத்துக்கு நடுவுல போய் நில்லுங்க."

பன்றி போய் நின்றது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. முதுகு காய்ந்தபடியே இருந்தது.

"பள்ளிக்கூடத்துக் கதவைப் பார்த்துட்டு வந்திருக்கேன்" என்றது தவளை. "ஆறடின்னா, உங்க முதுகு மேல இன்னொரு பன்றி ஏறி நின்னாலும் ரெண்டு பேரும் முங்கிருப்பீங்க. இப்பச் சொல்லுங்க, இது ஆறடிக் குளமா?"

பன்றி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. பிறகு மைனாவை நிமிர்ந்து பார்த்தது. "வாத்தியாரே, உங்க குளம் எங்கயோ இருக்குது. நான் நிக்கறது இங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறி, மூக்கால் மண்ணைக் கிளறத் தொடங்கியது.

இரண்டு நாள் கிளறியது. நண்டுகள் மண்ணைத் தள்ளின. தவளை குச்சியோடு முன்னால் போய் எங்கே தாழ்வு, எங்கே மேடு என்று பார்த்துச் சொன்னது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஓடியது. அதோடு தலைப்பிரட்டைகளும் ஓடின. ஒன்றுகூட மிஞ்சாமல் சுனைக்குப் போய்ச் சேர்ந்ததும், நண்டுகள் வாய்க்கால் வாயை மண்ணால் அடைத்தன.

தவளை சொன்ன நாளில் குளம் வற்றியது. சேறு பாளம் பாளமாக வெடித்தது. நாவல் மரத்தில் மைனா அப்போதும் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. "இன்னும் ஐம்பத்தோரு நாளுக்குத் தண்ணி இருக்கு" என்றது. கேட்பதற்குக் கீழே யாரும் இல்லை. எல்லோரும் சுனையடியில் இருந்தார்கள். அங்கே முப்பதாம் நாள், நான்கு கால் முளைத்த குட்டித் தவளைகள் பாறைமேல் தாவி ஏறின.

மாதம்மாள் சொன்ன கதை இத்துடன் நிற்கிறது. பர்கூர்ப் பக்கத்தில் இதைச் சொன்ன இருவர் கதைக்குள் பன்றியை வரவிடுவதில்லை. தவளையும் நண்டுகளும் மட்டும் வெட்டிய குறுகிய வாய்க்காலில் பாதிப் பிள்ளைகளே பிழைக்கின்றன. அந்தியூர்ச் சந்தையில் கருப்பட்டி விற்ற சின்னமாரன் சொன்னதில், வாய்க்கால் முடிந்த மறுநாளே கோடைமழை கொட்டிக் குளம் நிரம்பிவிடுகிறது. "பார்த்தியா, என் கணக்குத்தானே ஜெயிச்சுது" என்று மைனா கேட்கிறது. "பெஞ்சது மழை. உங்க கணக்கு இல்லை. அடுத்த கோடைக்கும் இந்தக் குச்சிய வெச்சிருப்பேன்" என்று தவளை சொல்கிறது.

முடிவு எப்படி மாறினாலும், எல்லோரும் கடைசியில் சொல்லும் நீதி ஒன்றுதான்: கணக்குப் போடும் வழியை எவ்வளவு தொலைவிலிருந்தும் கற்றுக்கொள், ஆனால் அதில் போடும் அளவை உன் குளத்தில் இறங்கி நீயே எடு.