காற்றேறிக்குக் கறுப்புப் போர்வை

செம்பியநல்லூர் மன்னர் வீரகேசரி பூபதிக்கு எதையும் புதுப்பித்துப் பார்க்கும் வியாதி இருந்தது. அந்த வியாதியை வளர்த்தே வயிறு வளர்த்தவர் ஆஸ்தானக் கவி தாண்டவராயர். சொந்தமாக ஒரு வீரனைப் படைக்கத் திராணியற்றவர்களுக்கே பிறர் படைத்த வீரனைத் திருத்தும் ஆவல் மிகும். ராயர் கைவைத்தது காற்றேறி வீரன்மீது.

மூன்று தலைமுறையாகத் தோற்பாவைக் கூத்தில் பறந்துவந்தவன் காற்றேறி. சிவப்புப் போர்வை, வாய் நிறையச் சிரிப்பு, எவரையும் கொல்லாமல் வெல்வான். ராயர் வெட்டுவித்த புதிய பாவைக்கோ கறுப்புப் போர்வை, இறுகிய வாய், ரத்தம் சொட்டும் வாள். போதாக்குறைக்கு, தந்தையைக் கொன்றவன் என்றொரு பூர்வகதை வேறு.

"இவ்வாண்டு விழாவில் இவனே ஆட வேண்டும்," என்றார் மன்னர். "மறுத்தால், கூத்தரே, இந்த நாட்டில் உமக்கு இனி மேடை இல்லை."

கூத்தர் கணபதி ராவ் கைகட்டி நின்றார். "வேறு பெயர் வைத்தால் இன்றைக்கே ஆட்டுகிறேன், மகாராஜா. காற்றேறி என்று சொல்லி ஆட்ட மாட்டேன்."

"பெயரை மாற்றினால் பார்க்க யார் வருவார்கள்?" என்று பதறினார் ராயர்.

அவையில் ஒருத்தி சிரித்தாள். சாதுரியத்துக்காகவே அங்கே ஆசனம் பெற்ற கொற்றவல்லி அவள். ஏழு வயதிலிருந்து காற்றேறி கூத்து ஒன்றையும் தவறவிடாதவள்.

"தம் சரக்கின் மதிப்பை ராயர் தாமே சொல்லிவிட்டார்."

"அம்மணிக்கு இன்னும் சிறுபிள்ளை ரசனை. சிரித்துக்கொண்டே திரிபவனுக்கு ஆழம் ஏது?"

"முகத்தைச் சுளித்தால் ஆழம் வந்துவிடும் என்றால், வயிற்றுவலிக்காரர் எல்லாரும் ஞானிகள்தாம், ராயரே."

மன்னர் கையுயர்த்தினார். "பாவை நைந்தால் புதிது செய்வதில்லையா? இதுவும் அப்படித்தானே?"

கொற்றவல்லி கூத்தரிடம் திரும்பினாள். "நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?"

"பழைய பாவையைப் புதுத் தோல்மேல் வைத்து, அதன் துளைகள் வழியே உளியால் குத்துவோம், அம்மா. பிறகு இரண்டையும் சேர்த்து விளக்கின்முன் பிடிப்போம். துளைதோறும் வெளிச்சம் வந்தால்தான் அவன் காற்றேறி. அதன்பிறகே பழையதை ஆற்றில் விடுவோம்."

"மகாராஜா, அந்தச் சோதனையே தீர்ப்பாகட்டும். காற்றேறியின் அடையாளம் ஒன்றேனும் தெரிந்தால் கூத்தர் ஆட்டுவார். நானே முரசறைந்து ஊரைக் கூட்டுகிறேன். தெரியாவிட்டால் கூத்தரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டும்."

"ஒன்று போதுமா?" என்று ராயர் முந்திக்கொண்டார். "சம்மதம்." மன்னரும் தலையசைத்தார்.

சாளரங்களை அடைத்தார்கள். வெண்திரை விரிந்தது. இரண்டு பாவைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி விளக்கின்முன் பிடித்தார் ராவ்.

திரையில் கண் இல்லை. சிரிப்பு இல்லை. போர்வை ஓரத்தில் மின்னும் நட்சத்திர வரிசை இல்லை. ஒரே இருட்டுப் பிண்டம். இடுப்பருகே மட்டும் இரண்டு பொட்டு வெளிச்சம்.

ராயர் துள்ளி எழுந்தார். "பாருங்கள், மகாராஜா. என் பாவையிலும் அவன் இருக்கிறான். அது என்ன அடையாளம், கூத்தரே? சொல்லும்."

ராவ் வாய் திறக்குமுன் பதில் கொற்றவல்லியிடமிருந்து வந்தது.

"ஆட்டுகிற குச்சியைக் கட்டும் துளை, ராயரே. எந்தப் பாவைக்கும் உண்டு. அவனிடத்தில் உமக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்."

மன்னர் விலா நோகச் சிரித்தார். அவ்வாண்டு விழாவில் சிவப்புப் போர்வையே பறந்தது. கொற்றவல்லிக்கு முத்துமாலை கிடைத்தது. ராயருக்கோ, சொந்தமாக ஒரு வீரனைப் படைத்துக்கொண்டு அவைக்கு வந்தால் போதும் என்று ஆணை. அவருடைய ஆசனம் அதன்பின் காலியாகவே கிடந்தது.