பூஜையில் உட்கார்ந்த சர்வர்

அந்தக் கம்பெனியில் மேனேஜர் தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கம்பெனியின் மெயில் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பவளக்கொடியைக் கூப்பிட்டார்.

"கோயம்புத்தூர்ல எதுக்கு இன்னொரு சர்வர்? தண்டம். அடுத்த வாரம் தூக்கிடு. நாளைக்கு இங்க இருக்கிறதை அணைச்சுப் பூஜையில வைக்கணும். ஆனா ஒரு மெயில்கூட நிக்கக் கூடாது."

"சரிங்க சார்."

மறுநாள் சர்வர் சந்தனமும் மாலையுமாக உட்கார்ந்திருந்தது. மெயில் நின்றிருக்கும், திட்டலாம் என்று வந்த தணிகாசலத்தின் போனில் மெயில் வந்துகொண்டே இருந்தது. சர்வரைத் தொட்டார், ஜில்லென்றிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தார், ஒயரே இல்லை. பவளக்கொடியைக் கூப்பிட்டார்.

"எங்கிருந்தும்மா வருது?"

"அந்தத் தண்டத்துல இருந்துதான் சார். நேத்தே எல்லாத்தையும் அங்க மாத்திட்டேன். அதையும் அணைச்சுப் பூஜையில வச்சிடவா?"

"வேண்டாம்மா," என்றார் அவசரமாக. "அதுக்கு ஓடுறப்பவே பொட்டு வைக்கச் சொல்லு."