குழிக்குத் தண்ணீர் ஊற்றுபவர்

"மீட்டர்ல எண் சரியா வந்திருக்கே மேடம். இன்னும் ஏன் கையெழுத்துப் போடல?"

சங்கிலிமுத்து மூன்றாவது முறையாகக் கேட்டார்.

மின் ஆய்வாளர் பியூலா எர்த் குழியருகே குத்தவைத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாத்தூர் தாண்டி, நாலுவழிச் சாலையோரம். மழை பெய்து நான்கு மாதம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழியைச் சுற்றி மட்டும் மண் கையில் ஒட்டியது.

சங்கிலிமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாக ஒயரிங் கான்ட்ராக்டர். ஆனால் கார் சார்ஜ் செய்யும் நிலையம் இதுதான் முதல். அதன் விதிகளைத் தன்னைவிட இருபது வயது இளைய இந்தப் பெண்ணிடம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்தார்.

"மேல பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுது. மண்ணுக்குள்ள கிடக்கிறத எவன் பாக்கப்போறான்?"

"காலைல எத்தனை குடம் அண்ணாச்சி?"

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நாலு. உப்புப் போட்டு. எண் இறங்குறதுக்கு எல்லாரும் ஊத்துறதுதான மேடம்."

"தப்புன்னு நான் சொல்லலையே. இது காஞ்சா என்ன ஆகும்?"

"கசியிற கரண்ட் மண்ணுல இறங்காது."

"எங்க போகும்?"

"வண்டியத் தொட்டவங்க மேல."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

பியூலா படிவத்தின் அடியில் கையால் ஒரு வரி எழுதி, பேனாவோடு நீட்டினார்.

'இந்தக் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுபவர் பெயர்.'

"இத நிரப்புங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன்."

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பந்தல்கால் ஊன்றியாகிவிட்டது. தேதி தவறினால் அடுத்த மூன்று நிலையங்களும் வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சங்கிலிமுத்து வாட்ச்மேன் தவசியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க," என்றார் தவசி. "நான் குளிக்கிறதே ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

சங்கிலிமுத்து தன் பெயரையே எழுதினார்.

"நல்லது அண்ணாச்சி. தினமும் வருவீங்க?"

"வருவேன்."

"இதுக்கு மட்டுமா?"

பேனாவைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் நின்றுவிட்டார்.

முப்பது வருடம். ஆய்வுக்கு முந்தைய காலைகளில் எத்தனை குழிகளுக்கு ஊற்றியிருப்போம்? ஒரு பள்ளிக்கூடம். ஒரு கல்யாண மண்டபம். தங்கச்சி வீடு. அங்கெல்லாம் இப்போது ஈரம் இருக்குமா?

அவர் தன் பெயரை அடித்தார். போனை எடுத்தார்.

"முதலாளி, வெள்ளிக்கிழமை முடியாது."

மறுமுனையில் கத்தியது தவசிக்கே கேட்டது.

மற்ற மூன்று நிலையங்களும் போயின. சங்கிலிமுத்து கடப்பாரையை எடுத்தார். பழைய குழியை விட்டு, ஈரம் கசியும் மண் தட்டும்வரை ஆழமாகப் புதிதாக இரண்டு தோண்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி வீட்டிலும் தோண்டினார். பள்ளிக்கூடத்துக்கும் மண்டபத்துக்கும் போய், குழி காய்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அக்கினி நட்சத்திரத்தில் பியூலா மறுபடி வந்தார். கொதிக்கும் தரையில் முழங்கால் ஊன்றி, ஒவ்வொரு போல்ட்டாகத் தானே அசைத்துப் பார்த்தார். பிறகு கருவியை மாட்டினார். எண் முன்பைவிடக் குறைவு. குறைந்தால்தான் நல்லது.

"சொட்டுத் தண்ணி ஊத்தல மேடம்."

"தெரியுது. குழியோரம் தவசி அண்ணன் வச்ச செம்பருத்தியே வாடிக் கிடக்கே."

கையெழுத்துப் போட்டார். பந்தலும் இல்லை, மாலையும் இல்லை. தவசி வாசலில் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்தார்.

சற்று நேரத்தில் முதல் கார் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினாள். சுடும் தரையில் எட்டி நடந்து, குழாயடியில் முகம் கழுவினாள். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சார்ஜர் பிடியை எடுத்துக் காரில் செருகினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"ரசத்தைக் கொதிக்க விட்டுராதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

திட்டிக்கொண்டே நிழலுக்குப் போய்விட்டாள்.

பியூலா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"என்னத்த மேடம்?"

"மண்ணுக்குள்ள என்ன கிடக்குன்னு அவங்க பாக்கவே இல்ல."