நத்தை மேல் சந்தேகம்

குலசேகரன் முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒரே ஆளிடம் இரண்டு முறை டிக்கெட் கேட்பவர் என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் மீன்தொட்டி வைத்தார்.

முதல் இரண்டு தொட்டிகளும் நாறிப்போயின. மூன்றாவதற்கு, கொளத்தூரில் நீர்ச்செடி வளர்த்து விற்கும் பிலோமினாவைக் குருவாக ஏற்றுக்கொண்டார். குருவுக்குச் சீடரைவிட இருபத்தைந்து வயது குறைவு.

மண் பரப்பி, செடி நட்டு, ஒரு மாதம் மீன் விடாமல் ஃபில்டரை ஓடவிடச் சொன்னார் பிலோமினா. மீனே இல்லாத தொட்டிக்கு ஃபில்டர் எதற்கு என்று குலசேகரனுக்குச் சந்தேகம். ஆனாலும் செய்தார்.

பிறகு எட்டு மீன் விட்டார். பத்து நாளில் ஐந்து செத்தன. இன்னொன்று மிதந்தால் தொட்டி காயலான் கடைக்குப் போகும் என்றார் அவர் மனைவி வேதவல்லி. வேதவல்லி சொன்னால் சொன்னதுதான்.

பிலோமினா வீட்டுக்கு வந்து பார்த்தார். குலசேகரன் தன் சந்தேகப் பட்டியலை ஒப்பித்தார். முதல் ஆள் நத்தை. செடியோடு டிக்கெட் இல்லாமல் ஏறி வந்தது; கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அப்பாவி போல் நடிக்கிறது. அடுத்து, குழாய்த் தண்ணீர். மூன்றாவதாக, தப்பாக நினைக்கக் கூடாது என்ற முன்னுரையோடு, பிலோமினா கொடுத்த செடிகள்.

"செடி என்ன பண்ணுச்சு சார்?"

"ஒண்ணுகூட வேர் பிடிக்கலம்மா."

"எப்படித் தெரியும்?"

"தினம் பிடுங்கிப் பாக்கறேனே."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

பிலோமினா ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்தார். அன்றுதான் வாங்கியது போல் பளிச்சென்று இருந்தது. அதில் பழுப்பாக ஏதோ படிந்துகொண்டே இருக்கிறது, நான்தான் தினமும் குழாயடியில் கசக்கிக் கழுவுகிறேன் என்று குலசேகரன் பெருமையாகவே சொன்னார். மீன் கழிவின் நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தப் பழுப்பில்தான் குடியிருக்கும், அவை வளரத்தான் அந்த ஒரு மாதம் என்று பிலோமினா முன்பே சொல்லியிருந்தார். கண்ணில் படாத ஆளைக் குலசேகரன் நம்பவில்லை.

பிலோமினா தன் பையிலிருந்து ஓர் ஈர ஸ்பாஞ்சை எடுத்தார். அவருடைய தொட்டியில் ஓடிய பழையது. பழுப்பேறி வழவழவென்று இருந்தது. அதை ஃபில்டரில் செருகினார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார் என்றால், தன்மேலும் ஒருவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது என்று குலசேகரனுக்குப் பட்டது.

"இதுல நோய் இல்லைன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் ஒண்ணும் இல்ல சார்." பிலோமினா செடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். "மூணு வாரம் கையை மட்டும் வெளியில வைங்க."

வைத்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். காவல் தொட்டிக்கா, கைக்கா என்று வேதவல்லி கேட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கொளத்தூர் போனார். மூன்று மீனும் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். தண்ணீர் தெளிந்துவிட்டது. செடிகளில் புது இலை. நத்தைகூட முட்டையிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் புகார் கொடுப்பது போலவே சொன்னார்.

அப்புறமும் அவர் கிளம்பவில்லை.

"ஒரே ஒரு செடிய மட்டும் பிடுங்கிப் பாத்துடட்டுமா? வேர் பிடிச்சுதான்னு எனக்குத் தெரியணும் இல்லையா?"

பிலோமினா அழுகிய இலைகளை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"செடிக்குத் தெரிஞ்சாப் போதும் சார்."