மாசானம் ஆன்லைனில் கிரைண்டர் வாங்கிய கதை

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்குக் கீழப்பாறை விலக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் நாலு பேரும் சவாரி போயிருந்திருக்க வேண்டும். அதற்காக அவர்களைக் குறை சொல்லிவிடக் கூடாது. தங்கமான மனுசர்கள். சவாரிக்காரர் "நேராப் போ" என்று சொல்லிவிட்டால், ரோடு வளைந்தாலும் அவர்கள் வளைய மாட்டார்கள். வாய்க்காலுக்குள் இறங்கிய ஆட்டோவை ஊரே சேர்ந்து தூக்கியதுண்டு.

நாலு பேரில் மூத்தவன் மாசானம். மற்ற மூவர் தளவாய், சொள்ளமுத்து, மிக்கேல். மாசானம் யோசிப்பான், மற்றவர்கள் அதைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

மாசானத்தின் பெண்டாட்டி முத்துப்பேச்சி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள். அந்த வாரம் பார்த்து அவளுடைய கிரைண்டர் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துக்கு மாவு கொடுக்க வேண்டும். முதல் பெரிய ஆர்டர். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மண்டபத்தில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் அவள் மாவுதான்.

"சீட்டு எடுத்த பணம். உங்கள நம்பித்தான் குடுக்கேன்" என்றாள் மாசானத்திடம். "ஏமாந்துட்டு வந்து நின்னீங்கன்னா என் பொழப்பே போச்சு."

அவள் அவனை நம்பியதுதான் இந்தக் கதையில் நடந்த முதல் முட்டாள்தனம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாசானம் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தபோது விளம்பரம் வந்தது. கழுத்து நிறைய நகை போட்ட ஒரு அம்மாள் கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, பாதி விலைக்கும் பாதி, இன்னும் பத்து நிமிடம் மட்டுமே என்று சிரித்தாள்.

"நானும் நாலு நாளாப் பாக்கேன், பத்து நிமிசந்தான்னு சொல்லிக்கிட்டே நிக்கா" என்றான் சொள்ளமுத்து. "நமக்காகத்தான் கடைய அடைக்காம இருக்கா போல. பாவம், கால் கடுக்கும்லா?"

மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் அவன் அவசரப்படவில்லை. போன மாதம்தான் போலீஸ் ஏட்டையா ஸ்டாண்டுக்கே வந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆன்லைன் கடை நல்ல கடையா, ஃபிராடான்னு பாக்கணும்னா, அட்ரஸைப் போய்ப் பாரு. போன் போட்டா பதில் வருதான்னு பாரு. ஏற்கெனவே வாங்கினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு. பொருள் கைக்கு வராம காசு குடுக்காத.

"நாலையும் பாத்துருவோம்" என்றான் மாசானம்.

விளம்பரத்தில் இருந்த அட்ரஸ் பக்கத்து டவுன். ஒரே ஆட்டோவில் போனால்தான் ஒரே முடிவுக்கு வர முடியும் என்று நாலு பேரும் ஒன்றிலேயே ஏறிப் போனார்கள். அந்த இடத்தில் கடை இல்லை. காலி மனை. நடுவில் ஒரு எருமை படுத்திருந்தது.

நாலு பேரும் மனையைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"சரக்கு ஒண்ணு கூட மிச்சமில்லையே" என்றான் தளவாய்.

"சரக்கு மட்டுமா? செவரு, கூரை, கதவு எல்லாமே வித்துப்போச்சு" என்றான் மிக்கேல். "என்னா யாவாரம் ஓடியிருக்கணும்!"

"எருமை மட்டும் கெடக்கே?"

"அதுக்கு ஆஃபர் போட்டிருக்க மாட்டாங்க."

மாசானம் மெச்சிக்கொண்டான். பஜாரில் எத்தனையோ கடை பார்த்திருக்கிறான். எல்லாம் வருசக்கணக்கில் விற்காமல் அப்படியே நிற்கின்றன.

அடுத்து போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். முதல் மணியே அடிக்கவில்லை, அதற்குள் ஒரு பெண் குரல் வந்துவிட்டது. "நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை." அதையே இங்கிலீஷிலும் சொன்னது.

"ஏல, உடனே பதில் வருதுடே!" என்றான் சொள்ளமுத்து. "அதும் ரெண்டு பாசையில."

"உபயோகத்துல இல்லேங்காளே?" என்று தளவாய் தலையைச் சொறிந்தான்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றான் மாசானம். "எந்தக் கடைக்காரனாவது நான் உபயோகத்துல இல்லேன்னு தன் வாயால ஒத்துக்கிடுவானா? இவ ஒத்துக்கிடுதா. பொய் சொல்லாத கடை."

மூன்றாவது, வாங்கினவர்கள் எழுதியதைப் படித்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, "மிக நல்ல பொருள் நன்றி வணக்கம்" என்று ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருந்தார்கள்.

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம நாலு பேரு டீக்குச் சீனி எவ்வளவுன்னு ஒத்துப்போக முடியல. என்னா ஒத்துமை பாருல."

ஒரே ஒருத்தன் மட்டும், "ஃபிராடுப் பயலுக, கல்லை அனுப்பி ஏமாத்திட்டானுக" என்று எழுதியிருந்தான்.

"ஊரே ஒண்ணு சொல்லுது, இவன் மட்டும் வேற சொல்லுதான்" என்றான் மிக்கேல். "இவன் யாருன்னு விசாரிக்கணும். இவந்தான் ஃபிராடு."

அன்றைக்கே ஆர்டர் போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் பார்சல் வந்தது. ஏட்டையா சொன்னபடி, பொருளை முதலில் நாலு பேரும் கையில் வாங்கித் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் பணம் கொடுத்தார்கள். பார்சல்காரர் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

முத்துப்பேச்சி வாசலில் வைத்துப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு கருங்கல். ரோடு போடுவதற்கு ஜல்லி உடைப்பார்களே, அந்தக் கல்.

 சொள்ளமுத்துதான் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தான். "கிரைண்டருக்கு முக்கியமே கல்லுதான மதினி. அது வந்துட்டு."

முத்துப்பேச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "அரிசி ஊறுது, உளுந்து ஊறுது. காலையில மண்டபத்துக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அழுதாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அழுது மாசானம் பார்த்ததில்லை. திட்டுவாள், அவனும் வாங்கிக்கொள்வான்.  இப்போது பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து கண்ணைத் துடைத்தாள். பஜாரில் கிரைண்டர் விற்கிற கனகசபை அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். எடுத்துட்டுப் போ தாயி, காச மெதுவாத் தா என்று அவர் சொல்லிவிட்டார். கொண்டுவர ஆட்டோ வேண்டும். விலக்கில் இருக்கிற ஆட்டோவெல்லாம் இந்த நாலு பேருடையதுதான். வேறு வழியில்லை.

"நேரே அண்ணாச்சி கடைக்குப் போங்க" என்றாள் மாசானத்திடம். "இந்தத் தடவையாவது கேரண்டி இல்லாம வந்துராதீங்க."

ஒரே ஆட்டோவில் நாலு பேரும் போனார்கள். அண்ணாச்சி கிரைண்டரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இதுக்குக் கேரண்டி?" என்று மாசானம் கேட்டான்.

"நமக்குள்ள என்னடே கார்டு, கீர்டுன்னுட்டு? அஞ்சு வருசத்துக்கு நாந்தான் கேரண்டி!" என்று அண்ணாச்சி நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

நாலு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.

"இவருதான் கேரண்டியாம்" என்றான் தளவாய்.

"அப்ப இவரக் கொண்டுபோகணும்" என்றான் சொள்ளமுத்து.

"ஆட்டோல இடம் பத்தாது. பின்னால மூணு பேரு, மடியில கேரண்டி. கிரைண்டர எங்க வைக்க?" என்றான் மிக்கேல்.

மாசானம் கண்ணை மூடி யோசித்தான். பேச்சி அழுத முகம் வந்து நின்றது. "மத்தியானம் என்ன வந்துச்சு? பொருள் வந்துச்சு. எது வரல? கேரண்டி வரல. அதாம்ல அவ அழுதா. இன்னொரு தடவை அவள அழ விட மாட்டேன். தூக்குங்கல அண்ணாச்சிய!"

"ஏல, விடுங்கல! கடை தொறந்து கெடக்குடே!" என்று அண்ணாச்சி மூன்று மடியிலும் மாறி மாறி உருண்டார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி" என்று மாசானம் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னான். "அஞ்சு வருசமும் பீரோவுக்குள்ள தண்ணி படாமப் பத்திரமா வச்சுக்கிடுதோம்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முத்துப்பேச்சி ஓடிவந்து பார்த்தாள். ஒரு செருப்பு இல்லாமல், முண்டாசு கழுத்தில் சுற்றிக்கிடக்க, கனகசபை அண்ணாச்சி இறக்கி வைக்கப்பட்டார்.

"கிரைண்டர் எங்க?" என்றாள்.

"அது கடையிலதான் இருக்கு. இந்தா, கேரண்டி" என்றான் மாசானம்.

 முத்துப்பேச்சி அண்ணாச்சியைக் கும்பிட்டு மறுபடி ஆட்டோவில் ஏற்றினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். மாசானத்துக்கு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. போன வேகத்தில் திரும்பி வந்தாள், கிரைண்டரோடு. மாவு அரைந்தது. மறுநாள் மண்டபத்தில் இட்லி மல்லிப்பூ மாதிரி இருந்தது என்று மாப்பிள்ளை வீட்டாரே சொன்னார்கள். மண்டபத்துக்காரர் அடுத்த முகூர்த்தத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டாண்டில் நாலு பேரும் ஆளுக்கு நாலு இட்லி தின்றுகொண்டே கூடிப் பேசினார்கள்.

"மதினி இன்னும் நம்ம மேல கோவமா இருக்காளே, ஏம்ணே?" என்றான் மிக்கேல்.

"பொம்பளைக்கு வெவரம் பத்தாது, விடு" என்றான் மாசானம் பெருந்தன்மையாக. "நேத்து அவ கடைக்குப் போனப்ப அங்க கிரைண்டர எடுத்துக் குடுக்க யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"பெறகு எப்படிக் கெடச்சுது? அண்ணாச்சியக் கூடவே கூட்டிட்டுப் போனா. அண்ணாச்சிய வீட்டுல கொண்டாந்து வச்சது யாரு? நாம மட்டும் அவரக் கொண்டாராம இருந்திருந்தா, ஆளில்லாத கடையில போய் அவ யார்கிட்டல கிரைண்டர் வாங்கியிருப்பா?"

மூன்று பேரும் இட்லியைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். இதை யோசிக்கவே இல்லையே என்று அவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.