ஓணாங்கரட்டுக்கு வழி கேட்டவர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. வாசல் பக்கம் உட்கார்ந்தா பஸ் சத்தத்துல பாதிக் கதை போயிடும். இது ஒரு சைக்கிள் கதை. பால்காரர் ஓட்டுற சைக்கிள் இல்லை. எருமைக் கொம்பு மாதிரி அகலக் கைப்பிடி, டயர் முழுக்கப் பல்லு பல்லா இருக்கும். பாறையிலயும் சரிவுலயும் ஏறி இறங்குறதுக்குன்னே செஞ்சது.

அதை வைத்திருந்தவர் மாதேஸ்வரன். சேலத்துக்காரர். துணைமின் நிலையங்களில் தடித்தடியான கேபிள்களை ஒட்டி இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. ஓர் ஊரில் நிலையம் கட்டினால், முடிகிறவரை அங்கே இருப்பார். முடிந்தால் அடுத்த ஊர்.

நாற்பத்தைந்து வயதில் ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஏற்காட்டு அடிவாரத்தில் ரெஜினா என்கிற பெண் மலைச் சைக்கிள் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். ரெஜினாவுக்கு முப்பது வயதுதான். வயதில் இவர் மூத்தவர், சைக்கிளில் அவர் மூத்தவர். இவர் அவரை "மாஸ்டர்" என்பார். அவர் இவரை "அண்ணா" என்பார்.

ஓட்டப் பழகினதோடு வினையும் வந்தது. வெளியூரில் இருப்புக் கொள்ளாமல் போயிற்று. எந்த ஊருக்கு அனுப்பினாலும், பெட்டியைத் திறக்கிறதற்கு முன்னால் போனைத் திறந்து பாதை தேடுவார். ராமநாதபுரத்தில் ஒரே மணல், சக்கரம் புதைந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடியில் உப்புக்காற்று, செயின் துருப்பிடித்தது. அதையும் விட்டுவிட்டு வந்தார்.

கம்பெனி இரண்டு முறையும் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டது. அடுத்து ஓணாங்கரட்டு அடிவாரத்துக்கு அனுப்பும்போது மேலாளர் சொன்னார்: "மாதேஷ், இதையும் பாதியில விட்டீங்கன்னா வேற எடம் பாத்துக்குங்க."

மாதேஸ்வரன் மனைவி பூங்கோதை அவ்வளவு நாசூக்காகச் சொல்லவில்லை. "இந்த வாட்டியும் வேலைய விட்டுட்டு வந்தீங்கன்னா, நீங்களும் உங்க சைக்கிளும் வாசல்லயே படுத்துக்குங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

ஓணாங்கரடு ஒரு மொட்டைப் பாறை மலை. தூரத்தில் இருந்து பார்த்தால் ஓணான் ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு வெயில் காய்கிற மாதிரியே இருக்கும். வால்தான் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கல்குவாரிப் பள்ளம்.

மாதேஸ்வரன் தங்கின அறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த மலை. கழுத்தில் இருந்து முதுகுவரை, தலையில் வகிடு எடுத்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. பார்த்தவுடனே உள்ளங்கை அரித்தது. அது பாதை. போனைத் திறந்தார். போனில் அந்த இடம் வெறும் பச்சை. கோடு இல்லை.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"அண்ணே, கரட்டு மேல போற பாதை எங்க ஆரம்பிக்குது?"

டீக்கடைக்காரர் தலைக்கவசத்தைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். "எதுக்குங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"சும்மா சைக்கிள் ஓட்ட."

"நேரா போங்க. தார் ரோடு வரும்."

புளியமரத்தடியில் ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளி. அவரையும் கேட்டார்.

"பாதையா? அந்தா, நேரா போ தம்பி. தார் ரோடு வரும்."

பூசாரி எதிரே வந்தார். வேட்டி முழுக்க மலையில் ஒட்டுகிற ஊசிப்புல். "கரட்டுக்கா? அங்க ஏதுங்க பாதை?" என்று சொல்லிக்கொண்டே, ஒட்டின புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

அன்றைக்கு ஊரே சேர்ந்து அவரைத் தார் ரோட்டுக்கு அனுப்பிவைத்தது.

அடுத்த நாள் யாரையும் கேட்காமல் தானே போனார். புதருக்குள் நுழைந்து, முள் ஏறி, பஞ்சராகித் திரும்பினார். மறுபடி போனார். குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது பாதை. கடைசியில் ஒருநாள் ஆட்டுப்புழுக்கையைப் பார்த்துக்கொண்டே நடந்து போய், பாதை தொடங்குகிற உண்மையான வாயைக் கண்டுபிடித்தார். மறுநாள் சைக்கிளோடு வந்தால், அந்த வாயில் ஆளுயரத்துக்குக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். இலை இன்னும் வாடக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. எண்ணெய் போட்ட செயினுக்கே மறுபடி எண்ணெய் போட்டார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். வேலையில் ஒரு கேபிளைத் தப்பாக ஒட்டி, பிரித்து, திரும்ப ஒட்டினார். பையை எடுத்துக் கட்டினார். மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், நான் கெளம்பி வரேன். இது பாதையே இல்லாத ஊரு."

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம நான் வரேன். அதுவரைக்கும் பைய அவுத்து வைங்க."

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா பஸ்ஸில் இருந்து வெறுங்கையோடு இறங்கினார். மாதேஸ்வரன் பஸ் கூரையைப் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"சைக்கிள் எங்க மாஸ்டர்?"

"பாதையே இல்லாத ஊருன்னு நீங்கதான சொன்னீங்க? தூக்கிட்டு வந்து என்ன பண்றது? பசிக்குது, வாங்க."

டீக்கடையில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டார். சட்னி நல்லா இருக்கிறது என்று இன்னொன்று வாங்கினார். பாதை என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. மாதேஸ்வரனுக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"மாஸ்டர், பாதை..."

"இருங்கண்ணா."

ரெஜினா எழுந்து புளியமரத்தடிக்குப் போனார். அந்த அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், அதே தூக்குவாளியோடு. பெயர் அங்கம்மா.

"என்னம்மா, காலு இப்படி வீங்கியிருக்கு?"

"அதையேன் கேக்கற தாயி. கல்லுல வழுக்கி விழுந்தேன். அன்னைலருந்து ஏற முடியல."

"வாளியில என்ன?"

"களி. மேல எங்க வீட்டுக்காரர் ஆட்டுக் கிடையோட கெடக்காரு. மேல போற ஆளு கெடைச்சாக் குடுத்து அனுப்புவேன். கெடைக்காட்டி, திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன்."

"நேத்து?"

"நேத்துத் தூக்கிட்டுத்தான் போனேன்."

மாதேஸ்வரன் அந்த வாளியைப் பார்த்தார். வந்த நாளில் இருந்து தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

"இவரு கொண்டு போவாரும்மா" என்றார் ரெஜினா.

அங்கம்மா குரலைத் தாழ்த்தினார். "இவரா? இவரு சர்வே ஆளாச்சே. போன வருசம் இப்படித்தான் ஒருத்தர் தொப்பியும் போனுமா வந்து சும்மா பாக்கணும்னாரு. நாங்களும் கூட்டிட்டுப் போயி, மோரும் குடுத்தோம். அடுத்த மாசம் குவாரி மிசினு வந்திருச்சு. ஓணானுக்கு வாலு போச்சு."

"இவரு சர்வே இல்லம்மா. சைக்கிள் கிறுக்கு."

"நெசமாவா?"

"மலை ஏறுறதுக்காகப் பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்குற ஆளு."

அங்கம்மா சிரித்துவிட்டார். "அடப்பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கிறுக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேனே." டீக்கடைப் பக்கம் திரும்பி, "பூசாரி! ஆளு கிறுக்காம்பா. முள்ளை எடுத்து வுடு" என்று சத்தம் போட்டார்.

பூசாரி நுனி பிளந்த கவைக்கம்பால் முள்ளைத் தூக்கி ஒதுக்கினார். அங்கம்மா வழி சொன்னார். எங்கே ஓடையில் இறங்கணும், எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில் தண்ணி குடிக்கலாம் என்று, போனில் இல்லாத எல்லாம் அந்த வாயில் இருந்தது. தூக்குவாளி கைப்பிடியில் தொங்க, மாதேஸ்வரன் ஏறினார்.

வெயில் சாயும்போது இறங்கி வந்தார். சட்டை கிழிந்திருந்தது, முழங்கையில் ரத்தம், முகம் கல்யாண மாப்பிள்ளை முகம். காலி வாளியை அங்கம்மாவிடம் நீட்டினார்.

"சாப்பிட்டாராப்பா?"

"ஒரு வாய் மிச்சமில்லம்மா. காலுக்கு எருக்க இலை வாட்டிக் கட்டச் சொன்னாரு. நேத்து பசியோட கெடந்ததுக்கு உங்களத் திட்டவும் திட்டினாரு."

"திட்டினாரா? அப்ப நல்லாத்தான் இருக்காரு."

பிறகு மாதேஸ்வரன் ரெஜினா பக்கம் திரும்பினார். வார்த்தை ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது. "மாஸ்டர், ஏற்காடெல்லாம் தள்ளி நிக்கணும். வழுக்குப்பாறை ஒண்ணு இருக்கு பாருங்க, சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்... இருங்க, எல்லாம் போன்ல பதிவாகியிருக்கு." போனை நீட்டினார். பச்சை மலைமேல் சிவப்பாக ஒரு கோடு, அடியில் இருந்து கழுத்துவரை. "பேரு வெச்சு சைக்கிள் ஆப்புல போடப்போறேன். நம்ம சேலத்து ஆளுங்க, கோயம்புத்தூர் ஆளுங்க, எல்லாரும் அடுத்த வாரமே வந்து குவிஞ்சிருவாங்க."

அங்கம்மா எட்டிப் பார்த்தார். "அது என்ன தம்பி, செவப்பா?"

"உங்க பாதைதான்மா. இனிமே உலகத்துல யாரு வேணும்னாலும் இதப் பாத்துட்டு வரலாம்."

அங்கம்மா மறுநாளைக்கு என்று மாதேஸ்வரன் பக்கமாக வைத்திருந்த காலித் தூக்குவாளியை, மெதுவாகத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

முள்ளை ஒதுக்கின பூசாரி கவைக்கம்பைக் கையில் எடுத்தார்.

மாதேஸ்வரன் வாளியைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். குவாரிப் பள்ளத்தைப் பார்த்தார். விரல் போன்மேல் அப்படியே நின்றது.

"மாஸ்டர்," என்றார், குரல் இறங்கி. "இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடிச்சேன். போடாம விட்டா, நான் இந்தப் பாதையில போனது யாருக்குத் தெரியும்?"

ரெஜினா பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"மேல சாப்பிட்டவருக்குத் தெரியும்ணா."

பஸ் வந்தது, ரெஜினா ஏறிப் போனார். அதற்குப் பிறகும் வெகுநேரம் மாதேஸ்வரன் புளியமரத்தடியிலேயே நின்றார். அங்கம்மாவும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் போனை அங்கம்மாவுக்குத் தெரிகிற மாதிரி பிடித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சிவப்புக் கோடு போயிற்று. மலை பழையபடி வெறும் பச்சை.

அங்கம்மா தூக்குவாளியை அவர் பக்கம் தள்ளினார். "வெள்ளனே இதத் தூக்கிட்டு வா. சுடச்சுடப் போட்டுத் தரேன்."

அன்றைக்கு ராத்திரி மாதேஸ்வரன் பூங்கோதைக்குப் போன் போட்டு, வேலை முடிகிறவரை இங்கேதான் என்று சொன்னார். பூங்கோதை நம்பவில்லை. "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அங்கம்மாவின் கால் வீக்கம் வடிகிறவரை, வேலைக்குப் போகிறதற்கு முன்னால் தினமும் களி மேலே போயிற்று. வடிந்த பிறகும் போயிற்று. இடையில் பாதையில் ஒரு கல் உருண்டு கிடந்தால் அவரே தள்ளிவிடுவார். போகும்போது முள்ளை ஒதுக்குவதும் திரும்பும்போது இழுத்து மூடுவதும் அவர் பழக்கமாயிற்று.

இனிக் கடைசிச் சங்கதி. மழை முடிந்த ஒரு காலையில் அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பளபளவென்று ஒரு மலைச் சைக்கிள் வந்து நின்றது. வெளியூர் ஆள், தலையில் கவசம், கையில் போன்.

"சார், இந்தக் கரட்டுக்கு மேல ஏதாச்சும் நல்ல பாதை இருக்கா?"

மாதேஸ்வரனுக்கு அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் உள்ளங்கை அரித்தது. டயரைப் பார்த்தார். நல்ல டயர். அந்த ஆளின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதையும் பார்த்தார்.

பிறகு, பெஞ்சுக்கு அடியில் இருந்த தூக்குவாளியை எடுத்து, வந்தவர் கண்ணுக்கு நேரே மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார். டீயை ஆற்றிக் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தார்.

வந்தவர் போனைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார்.

மாதேஸ்வரன் எழுந்து, வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கையை நீட்டிக் காட்டினார்.

"நேரா போங்க சார். தார் ரோடு வரும்."